தோளில் ஒட்டி வந்த நூல்

எனக்குச் செடி கொடிகள் மேல் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு, காலை நீட்டி உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும். பூ பூத்தால் என்ன, காய் காய்த்தால் என்ன. தோட்டம் என் வீட்டுக்காரருடையது. அவரும் அதை ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை.

அவர் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரத்தைப் பிசிர் வராமல் சேர்த்துத் தைக்கிறவர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் திருப்பூர் வந்த நாளிலிருந்து அந்த ஒரு மிஷினைத்தான் ஓட்டினார். போன கார்த்திகையில் இருமல் மூச்சிரைப்பாக மாறியது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பஞ்சுத் தூசி இருக்கிற பக்கமே போகக்கூடாது என்றார். திருப்பூரில் பஞ்சுத் தூசி இல்லாத பக்கம் எது என்று நான் கேட்டேன். டாக்டர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குப் பாயில் படுத்தவர்தான். மார்கழி போனது, தை போனது, சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கிடந்தார். நான் காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சோறு சாயங்காலம் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால், "ம்", "சரி", "அம்மாட்ட பேசு" என்ற மூன்றுக்கு மேல் நான்காவது வார்த்தை வராது. என்னிடம் அதுவும் இல்லை. மூச்சிரைப்புக்கு மாத்திரை இருந்தது. எழுந்திருக்க மனம் இல்லாததற்கு ஒன்றும் இல்லை. இந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பாரா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. வாடகை, கரண்ட் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நாங்கள் இருப்பது முதலிபாளையம் பக்கத்தில் ஒரு லைன் வீடு. வரிசையாக அறைகள், கொல்லைப்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துவைக்கிற கல், அதற்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் நீளமாக ஒரு துண்டு மண். சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மிஷின்கள் இரவு பகலாக ஓடும். அந்தச் சத்தம் இப்போது எங்கள் காதில் விழுவதே இல்லை. கரண்ட் போய் அது நின்றால்தான் என்னவோ ஆகிவிட்டது என்று திடுக்கிடுவோம்.

மாசியில் ஒரு காலை, பல் விளக்கப் போனவர் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ கழுவிக் கொட்டிய காய்கறிக் கழிவிலிருந்து ஒரு கத்தரி நாற்று தானாக முளைத்திருந்தது. "சோப்புத் தண்ணியில நிக்குது பாரு" என்றார். இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. அந்த நாற்றுக்குக் கோயில் கட்டலாம் என்று இருந்தது எனக்கு.

அதைத் தோண்டி, சுவர் ஓரத்தில் வெயில் விழுகிற இடத்தில் வைத்தார். பிறகு வெண்டை வந்தது, பீர்க்கு வந்தது, பாகல் வந்தது. பந்தல் போட மூங்கிலும் கம்பியும் வாங்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் நூலுக்கா பஞ்சம்? கம்பெனிக் கழிவிலிருந்து நான் எடுத்து வந்த நூலை முறுக்கிக் கயிறாக்கிச் சுவருக்கும் துணிக்கொடிக்கும் இடையில் வலை மாதிரி கட்டினார். கட்டிங் வேஸ்ட் பனியன் துணியைக் கிழித்துச் செடிகளைக் குச்சியோடு கட்டினார். குளிக்கிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றினார். நடுநடுவே நின்று மூச்சு வாங்குவார். பிறகு அடுத்த செடிக்குப் போவார்.

பீர்க்கு சாயங்காலத்தில்தான் பூக்கும். நான் வேலை முடிந்து வரும்போது கொடி முழுக்க மஞ்சளாக இருக்கும். முதலில் பூத்ததெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்ந்தது. சுவருக்கு அப்பால் இருபத்துநாலு மணி நேரமும் விளக்கும் தூசியும். வண்டு எங்கே வரும்? ஒருநாள் வந்தபோது, ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெண் பூவிலும் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"வண்டு வரல. அதான் நானே வண்டு வேலை பாக்கேன்."

"நல்ல வண்டுதான். இருமுற வண்டு" என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி அடங்கினாலும் சிரித்தார். அந்த வாரமே சுண்டுவிரல் நீளத்துக்குப் பிஞ்சுகள் தொங்க ஆரம்பித்தன. மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனியில் காற்று தொடங்கியது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற அந்தக் காற்றுக்கு இந்தப் பக்கத்தில் எந்தச் செடியும் நேராக நிற்காது. கத்தரிச்செடி அதற்குள் இடுப்பு உயரம் வளர்ந்து, உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளோடு புதராக நின்றது. அதைக் கட்டிவைக்கப் போனவர் கட்டாமல் திரும்பி வந்து, கையைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனார். கையைப் பிடித்து என்று எழுதுகிறேன். அதற்கு முன் எப்போது பிடித்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு இலைகளின் ஓரங்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. தைத்த குருவி சுவர்மேல் உட்கார்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு எங்களைத் திட்டியது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தலையில் செம்மண் நிறம், முதுகில் பச்சை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். தையல்சிட்டு என்று பிற்பாடு செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு அதன் பெயர் முக்கியமாக இல்லை. தையல்தான் முக்கியம். இலையைத் தொடாமல் குனிந்து பார்த்துச் சொன்னார்: "ஏ புள்ள, முடிச்சே போடல பாரு. ஓட்டை போட்டு நூலை உள்ள விட்டு, நுனியைப் பிசிராக்கி விட்டிருக்கு. இழுத்தாலும் வராது. எந்த மிஷின்ல வரும் இந்த வேலை?"

இருபத்தைந்து வருடம் தைத்தவர் பாராட்டுகிறார், குருவிக்கு அந்தப் பெருமை தெரியவில்லை. சிலந்தி வலையையும் எருக்கம் பஞ்சையும் எங்கெங்கோ தேடிக் கொண்டுவந்து கொண்டிருந்தது. காற்றில் பாதி பறந்து போனது. பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிற எந்தப் பெண்ணும் வெறுமனே வீடு திரும்புவதில்லை. சேலையில், தலைமுடியில், முதுகில் எல்லாம் வெட்டிய நூல் ஒட்டியிருக்கும். பஸ்ஸில் ஏறினால் எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். அன்று சாயங்காலம் நான் வந்ததும், வாசலில் விளக்கடியில் நிற்கச் சொன்னார். தோளிலிருந்து ஒவ்வொரு நூலாக எடுத்தார். கூந்தலில் இருந்ததை வலிக்காமல் உருவினார். "திரும்பு" என்றார். முதுகில் இருந்ததை எடுத்தார். எடுத்ததையெல்லாம் கத்தரிச்செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியின் பிளவில் செருகிவைத்தார். காலையில் பார்த்தால் நூல் இல்லை. குருவி கொண்டுபோயிருந்தது.

அப்புறம் அது தினசரிப் பழக்கமானது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே வாசலில் நிற்பார். திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்து முடித்ததும், செக்கிங்கில் நாங்கள் சொல்கிற மாதிரியே, "பீஸ் ஓகே. உள்ள போகலாம்" என்பார். பக்கத்து அறைப் பீகார்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனியில் வேலை முடிந்ததும் மற்றவர்கள் சேலையை உதறிவிட்டுக் கிளம்பும்போது நான் உதறாமல் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், நூல் கொஞ்சம் அதிகமாக ஒட்டிக்கொள்ளட்டும் என்று மேஜையில் சாய்ந்தும் நின்றேன். குருவிக்காக இல்லை. அவர் கை என் தோளில் படுவதற்காக.

கூட்டுக்குள் பஞ்சு மெத்தை மாதிரி அமைந்தது. அதன் நடுவே ரோஸ் நிற நூல்கள். அப்போது எங்கள் டேபிளில் ஓடியது குழந்தைகள் ஆர்டர். காலும் கையும் சேர்த்து மூடுகிற, பிறந்த குழந்தைக்கான ரோஸ் உடுப்பு. குழந்தைத் துணி என்றால் செக்கிங்கில் உயிரை எடுப்பார்கள். ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பி, கால் நுனி வரை விரலை விட்டுப் பார்த்து, தொங்குகிற நூலை வெட்டியாக வேண்டும். தினமும் காலையில் சூப்பர்வைசர் கத்துகிற கத்தல் எனக்கு மனப்பாடம்: "ஒரு நூல் உள்ள விட்டீங்கன்னா பாப்பா விரல்ல சுத்திக்குமுங்க. சுத்தினா ரத்தம் நின்னுரும். விரலே போயிரும். பாத்து வெட்டுங்க." அப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டிய நூல்தான் என் தோளில் ஒட்டி வீட்டுக்கு வந்தது.

இதற்கிடையில் கத்தரிச்செடியில் மாவுப்பூச்சி பிடித்தது. தண்டில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கின. வழக்கமாக இருந்தால் வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து அடித்திருப்பார். இல்லாவிட்டால் செடியை அடியோடு வெட்டி, புதுத்துளிர் விட வைத்திருப்பார். கூட்டில் முட்டை இருந்ததால் இரண்டும் செய்யவில்லை. பூச்சி வெண்டைக்குப் போனது. காற்று அதை முன்பக்கம் ஓனரம்மாவின் செம்பருத்திக்கும் கொண்டுபோனது.

ஓனரம்மா இந்த ஊர்க்காரர். நல்ல மனுஷிதான், ஆனால் செம்பருத்தி அவருக்குப் பிள்ளை மாதிரி. ஒரு காலை கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, அந்தக் கத்திரிச்செடிய வெட்டிப் போட்டா என்ன? என்ற செம்பருத்தி பூராம் வெள்ளையாப் போச்சு."

"குருவி முட்டை வச்சிருக்குதுங்கம்மா. குஞ்சு பறந்ததும் வெட்டிருவாரு" என்றேன்.

"குருவி நாளைக்குப் போயிருமுங் கண்ணு. பூச்சி போகுமா?" என்றவர், உள்ளே எட்டிப் பார்த்து என் வீட்டுக்காரர் எழுந்து நடமாடுவதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "சரி, பொறுத்துக்கறேன். ஆடிக்கு இந்த அவரை வெதைய ஊனச் சொல்லு." காகிதத்தில் மடித்த அவரை விதையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

குஞ்சுகள் வந்தன. மூன்று. அப்பனும் ஆத்தாளும் வாயில் பச்சைப் புழுவோடு ஓய்வில்லாமல் வந்து போயின. அவர் கொல்லையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மகள் போன் செய்தபோது குஞ்சுகளைப் பற்றி விடாமல் பேசினார். அவள் என்னிடம், "அப்பாக்கு என்னம்மா ஆச்சு?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். தோட்டம் பூச்சி பிடித்து வெளுத்துக்கொண்டிருந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குத் தேவையான காய் காய்த்துவிட்டது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. அரிசி களைந்துகொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து, "இங்க வா" என்றார். பாயில் கிடந்த நாட்களின் குரலாக இருந்தது அது.

இரண்டு குஞ்சுகள் வெளியே வந்து பீர்க்குப் பந்தலில் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது, கூட்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கிச் சிறகை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலில் ரோஸ் நூல் சுற்றியிருந்தது. மறுமுனை கூட்டோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. இழுத்தாலும் வராது என்று அவர் மெச்சிய அதே தையல்.

"டிரிம்மரை எடு" என்றார். பிசிர் வெட்டுகிற சின்ன வெட்டுக்கத்திதான் டிரிம்மர். செக்கிங்காரி வீட்டில் அது இல்லாமல் இருக்காது. கொடுத்தேன். ஒரு கையில் வாங்கி மறு கையில் குஞ்சைத் தாங்கினார். மூச்சு வாங்கியது. முனை காலுக்குப் போகாமல் இலையில் குத்தியது. என்னிடம் திருப்பி நீட்டினார்.

"நீ வெட்டு. என் கை நிக்கல."

கூட்டோடு இருந்த நூலை வெட்டினேன். குஞ்சு என் உள்ளங்கைக்கு வந்தது. அதற்கு எடையே இல்லை, படபடப்பு மட்டும்தான் இருந்தது. காலில் சுற்றியிருந்தது ஒரு சுற்று இல்லை. கூட்டுக்குள் கிடந்த நாளெல்லாம் புரண்டு புரண்டு இறுக்கியிருக்கிறது. கால் வளர வளர நூல் உள்ளே போய்விட்டது. பாலியஸ்டர் நூல் இற்றுப்போகாது, அதற்காகத்தான் அதில் தைக்கிறோம். நூலுக்குக் கீழே கால் கறுத்துக் காய்ந்திருந்தது. ஒரு நாளில் எத்தனையோ உடுப்பில் கண்ணை மூடிக்கொண்டு நூல் வெட்டுகிற கை இது. இந்த ஒரு நூலை வெட்ட எனக்குத் தெரியவில்லை. தாய்க்குருவி என் தலைக்கு மேலே கத்திக்கொண்டே பறந்தது. முனையை மெல்ல உள்ளே விட்டு வெட்டி உருவினேன். நூல் வந்தது. அதோடு காலும் வந்துவிட்டது.

குஞ்சைக் கத்தரிச்செடியின் கவட்டில் வைத்தோம். ஒற்றைக் காலில் நிற்கப் பார்த்துச் சாய்ந்தது. தாய்க்குருவி புழுவோடு வந்து வாயருகே நீட்டிப் பார்த்தது. மத்தியானம் நான் சோறு வடித்துவிட்டு வந்தபோது செடியடியில் விழுந்து கிடந்தது. மாவுப்பூச்சியைத் தேடி வந்த எறும்புகளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

அவர் வெட்டிய நூலை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா ஆர்டரா?"

"ஆமா."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அவரும் குழந்தைத் துணி தைத்தவர்தான். அந்தக் கத்தலை அவரும் இருபத்தைந்து வருடம் கேட்டவர்தான். எங்கோ குளிர்நாட்டில் முகம் தெரியாத குழந்தையின் விரலுக்காக நாங்கள் அத்தனை பயந்தோம். எங்கள் கொல்லையில் ஒரு விரல் அகலத்தில் படுத்துக் கிடந்த குஞ்சுக்காக அந்தப் பயம் வரவில்லை, இரண்டு பேருக்கும்.

"ரெண்டு பறந்து போச்சுல்ல" என்றேன், ஆறுதலாக.

"மூணாவது?"

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டு வந்தபோது வாசலில் அவர் இல்லை. கொல்லைக்குப் போனேன். பந்தலை அறுத்திருந்தார். முறுக்கிக் கட்டிய நூற்கயிறு, செடிகளைக் கட்டிய பனியன் துண்டு, ஒன்று விடாமல் அவிழ்த்து ஒரு சாக்கில் அடைத்திருந்தார். பீர்க்கும் பாகலும் பிஞ்சும் பூவுமாகத் தரையில் குவிந்து கிடந்தன. ஆடிக்காற்று அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. கத்தரிச்செடியை வேரோடு பிடுங்கியிருந்தார். அன்று பூத்திருந்த பீர்க்கம்பூக்களை யாரும் தொடவில்லை. அவர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஓனரம்மா வந்து பார்த்தார். "அந்த ஒரு செடியத்தானுங் கண்ணு வெட்டச் சொன்னேன்" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தம்மா மேல் என்ன தப்பு? குருவி மேலும் இல்லை. கோபப்பட ஆள் கிடைக்காமல் நான் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

ஆடி போனது, ஆவணியும் போகப் பார்த்தது. சன்னலில் அவரை விதை மடித்த காகிதம் அப்படியே இருந்தது. கடைசியில் நானே எடுத்துப் போய் ஊன்றினேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு தள்ளி என்று அவரிடம் கேட்டேன். அப்படியாவது வெளியே வருவார் என்று. "எப்படியோ ஊனு" என்றார். எப்படியோ ஊன்றினேன். முளைத்தது. கொடி ஓடியபோது கட்ட ஒன்றுமில்லை. வீட்டில் பொட்டு நூல் கிடையாது, அந்த டிரிம்மரைக்கூட நான் கம்பெனியிலேயே வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டுகிற அம்மாவிடம் வாழைநார் கேட்டு வாங்கி, தண்ணீரில் நனைத்துக் கட்டினேன். "வாழைநார்லதான் கட்டியிருக்கேன். வந்து பாருங்க" என்றேன். "ம்" என்றார்.

புரட்டாசியில் மழை பெய்தது. இப்போது ஐப்பசி. அவரைக்கொடி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கொழுந்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அடைந்து கிடக்கிறது, என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. காலையில் சுவர்மேல் அந்தப் பெரிய குரல் கேட்கிறது. பறந்துபோன இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அவர் காதில் விழாமல் இருக்காது. எழுந்திருப்பதில்லை.

நானும் இத்தனை நாளாகக் கம்பெனி வாசலிலேயே சேலையை உதறி, தலைமுடியைத் தட்டி, பக்கத்தில் இருப்பவளிடம் முதுகைக் காட்டித் துடைக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு நூல்கூட அவர் கண்ணில் படக்கூடாது என்று.

நேற்று உதறாமல் வந்தேன். தீபாவளி நெருக்கடியில் மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மறக்கவில்லை. தோளில் நீளமாக ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் கூட்டத்தில் அது விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். விளக்கைப் போட்டுவிட்டு, அவருக்கு எட்டுகிற தூரத்தில், அந்தத் தோளை அவர் பக்கமாக வைத்து உட்கார்ந்தேன். சுவரிலிருந்து திரும்பினார். பார்த்தார். கை பாயிலிருந்து கொஞ்சம் எழுந்தது.

"தோள்ல நூல் இருக்கு. எடுத்துப் போடு" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானே எடுத்துப் போட்டேன்.